வேண்டுவன கொண்டு வேண்டாதன தள்ளல்: லினக்ஸ் உட்கருவைப் பகுதியாகத் தொகுக்கும் முறை

உலகின் ஆற்றல் மிக்க 500 கணிப்பொறிகளின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை வெளியிடப்படுகிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர்ப் பட்டியல் முதற்கொண்டு, அவற்றுள் ஒன்றேனும் விலக்கின்றி எல்லாமே லினக்ஸ் என்னும் இயக்க முறைமையினால் இயங்கி வருகின்றன. அதே லினக்ஸ், மழைமானி ஒன்றன் அருகே தகரப் பெட்டிக்குள் வைக்கப்பட்டுள்ள, உள்ளங்கையில் அடங்கும் அட்டைக் கணிப்பொறியையும் இயக்குகிறது. பெரியதற்கு ஒரு மூலநிரல், சிறியதற்கு வேறொரு மூலநிரல் என்று எவரும் தனித்தனியே எழுதவில்லை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. அதிலிருந்து அவ்வவ்வியந்திரத்துக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தொகுப்பதனால்தான் இது கைகூடுகிறது.

இவ்வாறு பொறுக்குதல் எங்ஙனம் நடைபெறுகிறது, எவ்விடத்தில் பிழை நேர்கிறது என்பவற்றை அறிந்திருத்தல் நம் நாட்டுக் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயன்படுவதொன்றாகும். கேரளத்தின் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் முறைமையும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. எனவே இம்மூலநிரலோடு பழக வாய்ப்புள்ளவர் தொகை சிறிதன்று.

இயக்க முறைமையின் நடுவில் நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, செயல்களுக்கு முறை வைத்து, வட்டு, விசைப்பலகை, வலைப்பின்னல் முதலிய சாதனங்களோடு உரையாடும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். இதனை உட்கரு என்று குறிப்போம். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் வெளியிட்ட முதற்படி ஏறத்தாழ 10,000 வரிகளே கொண்டது. தம்மிடம் இருந்த 386 வகை இயந்திரம் ஒன்றை மனத்திற்கொண்டே அவர் அதனை எழுதினார். ஆகையால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. 1994 மார்ச்சில் 1.0 என்ற பதிப்பு வெளிவந்தபோது வரிகள் 1,76,250 ஆயின. இன்றோ அவை 3 கோடியைக் கடந்துவிட்டன. இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை சாதன இயக்கிகள், அஃதாவது குறிப்பிட்ட ஓர் அச்சுப்பொறியையோ வலையட்டையையோ கடிகாரச் சில்லையோ இயக்கும் பொருட்டு எழுதப்பட்ட பகுதிகள். (லினக்ஸ் எந்த 386இல் பிறந்ததோ, அந்த 386க்குரிய ஆதரவு 2013இல் வெளியான 3.8ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது.) எந்த ஓர் இயந்திரத்துக்கும் இம்மூன்று கோடி வரிகளில் சிறு பகுதிக்கு மேல் தேவைப்படுவதில்லை.

தேர்வுக்குரிய உருப்படிகள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை மூன்று விடைகளில் ஒன்றை ஏற்கும். 'ஒய்' என்று குறித்தால் அப்பகுதி உட்கருவோடு ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, இயந்திரம் விழித்தெழும் கணம் முதல் நினைவகத்தில் இருக்கும். 'எம்' என்று குறித்தால் அது மாட்யூல் எனப்படும் தனிக் கோப்பாக வட்டில் வைக்கப்பட்டு, வேண்டும்போது ஏற்றப்படும். 'என்' என்றால் அது தொகுக்கப்படுவதே இல்லை. மாட்யூல் வசதி 1995இல் வந்த 1.2 பதிப்பில் இடம்பெற்றது. கடைகளில் கிடைக்கும் எந்தக் கணிப்பொறியிலும் ஒரே குறுந்தகட்டைக் கொண்டு லினக்ஸை நிறுவ முடிந்ததற்கு இவ்வசதியே காரணம் என்று கூறலாம்.

விடைகள் யாவும் மூலநிரல் அடைவின் தலைவாயிலில், புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' என்ற பெயருடைய ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் அது கண்ணுக்குப் புலப்படாது. அடைவை வேறிடத்துக்கு நகலெடுப்போர் பலர் இதனை மட்டும் விட்டுவிடுவதுண்டு. தொகுக்கும் வேளையில் 'மேக்' என்னும் கருவி இக்கோப்பைப் படிக்கிறது. ஒவ்வோர் அடைவிலும் உள்ள குறிப்பேட்டில், இன்ன உருப்படிக்கு விடை 'ஒய்' எனில் இன்ன நிரலைப் பிணைப்புப் பட்டியலிலும், 'எம்' எனில் மாட்யூல் பட்டியலிலும் சேர்க்க என்று ஒற்றை வரியில் எழுதப்பட்டிருக்கும். விடை 'என்' ஆயின் அவ்வரி எப்பட்டியலிலும் சேராமல் வீணே நிற்கும். இவ்வளவே இதன் பொறியமைப்பு. பல்லாயிரம் கோப்புகளைக் கொண்ட திட்டம் இத்துணை எளிய ஒரு சூத்திரத்தின்மேல் நிற்பது வியப்பைத் தருவது.

சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. உருப்படிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பதாக அறிவிக்கப்பட்டிருந்தால், மற்றது தேர்ந்தெடுக்கப்படும் வரை முன்னது தேர்வுப் பட்டியலில் தோன்றவே தோன்றாது. இதற்கு மாறாக, ஓர் உருப்படி இன்னொன்றைத் தானே வலிந்து இழுத்துக்கொள்ளும்படியும் எழுதலாம். அங்ஙனம் இழுக்கும்போது, இழுக்கப்பட்டதன் சார்புகள் நிறைவேறியுள்ளனவா என்று சரிபார்க்கப்படுவதில்லை. ஆகவே இப்பிந்திய முறையைச் சிக்கனமாகக் கையாள வேண்டும் என்று உட்கருவின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. இச்சார்புகளை விவரிப்பதற்கென்று 'கேகான்ஃபிக்' என்ற சிறு மொழி ஒன்று உள்ளது. ரோமன் ஜிப்பெல் இயற்றிய இது 2002இல் 2.5.45ஆம் பதிப்பில் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னர் எரிக் ரேமண்ட் முன்வைத்த வேறொரு முறை, நீண்ட விவாதத்துக்குப் பின்னும் ஏற்கப்படாமற் போயிற்று.

சார்புகள் மறைந்து நிற்பதால் நேரும் தடுமாற்றம் இரு வகைப்படும். தேடும் உருப்படி பட்டியலில் காணப்படாமையால், லினக்ஸ் அச்சாதனத்தை ஆதரிக்கவில்லை போலும் என்று முடிவு கட்டிவிடுவது ஒன்று. 'மெனுகான்ஃபிக்' என்ற தேர்வுத் திரையில் சாய்கோட்டு விசையை அழுத்தி உருப்படியின் பெயரைத் தேடினால், அது எதனைச் சார்ந்துள்ளது என்பதும், அச்சார்பின் இப்போதைய விடை யாது என்பதும் தெரியவரும். மற்றது இதனினும் வஞ்சகமானது. பொறுமையிழந்த ஒருவர் அமைவுக் கோப்பைத் தொகுப்பானில் திறந்து, வேண்டிய வரியைத் தம் கையாலேயே எழுதிச் சேர்க்கிறார். சார்பு நிறைவேறாதிருப்பின், அடுத்த முறை 'மேக்' இயங்கும்போது அவ்வரி ஓசையின்றி நீக்கப்பட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. தொகுப்பும் வெற்றியுடன் முடியும். எனவே எழுதியதை நம்பாது, தொகுப்பு முடிந்த பின் கோப்பை மீண்டும் திறந்து அவ்வரி இருக்கிறதா என்று பார்ப்பதே தக்கது.

பதினாயிரம் வினாக்களுக்கு ஒருவர் தனித்தனியே விடையளிக்க இயலாது. ஒன்றையொன்று சாராத 300 உருப்படிகளுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் இருப்பதாகக் கொண்டாலும், உண்டாகக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கை, காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் மதிப்பிடப்பட்ட தொகையை விஞ்சிவிடும். ஆதலால் எவரும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. தொடக்கப் புள்ளிகள் சில ஆயத்தமாகவே வைக்கப்பட்டுள்ளன. 'டெஃப்கான்ஃபிக்' என்பது அவ்வவ்வியந்திரக் குடும்பத்தைப் பேணுவோர் தகுதியெனக் கருதும் பொது அமைவு. 'ஆல்நோகான்ஃபிக்' இயன்ற வரை எல்லாவற்றுக்கும் இல்லை என்று விடையளிக்கும். 2014இல் சேர்க்கப்பட்ட 'டைனிகான்ஃபிக்' அளவிலும் சிறுத்துவிடும். இதனைக் கொண்டு தொகுத்த உட்கரு திரையில் ஓர் எழுத்தைக்கூட அச்சிடாது, ஏனெனில் அச்சிடும் பகுதியும் தள்ளப்பட்டிருக்கும். ஆராய்ச்சிக்கு இது நல்லதே, அலுவலகத்துக்கு ஆகாது.

இவற்றுள் மிகுதியும் விரும்பப்படுவது ஸ்டீவன் ராஸ்டெட் இயற்றி 2009இல் சேர்க்கப்பட்ட 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்பதாகும். அவ்வேளையில் இயந்திரத்தில் எந்தெந்த மாட்யூல்கள் ஏற்றப்பட்டுள்ளன என்று பார்த்து, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய மாட்யூல்களையெல்லாம் இது நீக்கிவிடும். பல மணி நேரம் எடுக்கும் தொகுப்பு சில நிமிடங்களில் முடியும். ஆனால் அவ்வேளையில் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அன்று மேசைமேல் எது செருகப்பட்டிருந்ததோ அதுவே எஞ்சும். பீரோவுக்குள் இருந்த பென்டிரைவும், பக்கத்து வகுப்புக்குப் போயிருந்த ஒளிப்படக் கருவியும் கணக்கில் வாரா.

இதனால் விளையக்கூடிய இழப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தொலைவில் உள்ள மழைமானி நிலையம் ஒன்றைக் கருதுக. மழைமானியின் பதிவுக் கருவியிலிருந்து தொடர்நிலைக் கம்பி ஒன்று புறப்பட்டு, யு.எஸ்.பி. மாற்றி ஒன்றன் வழியே ராஸ்பெரி பை வகை அட்டைக் கணிப்பொறியை அடைகிறது. 2012இல் வெளிவந்த அதன் முதல் மாதிரிகளில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. 2023இல் வந்த ஐந்தாம் மாதிரியில்தான் கடிகாரச் சுற்று பலகையிலேயே அமைந்தது. ஆகவே பழைய மாதிரிகளுக்கு டி.எஸ். 3231 போன்ற கடிகாரச் சில்லு தனியே பொருத்தப்படும். இந்நிலையத்துக்கு ஒலி வேண்டாம், ஒளிப்படம் வேண்டாம், நூற்றுக்கணக்கான வலையட்டை இயக்கிகளும் வேண்டாம். பகுதித் தொகுப்புக்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

முதற்கண் கடிகாரம். டி.எஸ். 3231க்கெனத் தனி உருப்படி தேடினால் கிடைக்காது, டி.எஸ். 1307 என்ற சில்லுக்குரிய இயக்கியே இதனையும் இயக்குகிறது. அவ்வுருப்படியோ ஐ-ஸ்கொயர்-சி என்னும் ஈரிழைத் தொடர்பு முறை தேர்ந்தெடுக்கப்படும் வரை பட்டியலில் தலை காட்டாது. இதனை விட்டுவிட்டால், மின்சாரம் தடைப்பட்டு மீளுந்தோறும் இயந்திரம் பழைய தேதி ஒன்றைக் கொண்டு எழும். வலைத் தொடர்பு இல்லாத இடத்தில் அதனைத் திருத்துவாரும் இலர். மழை அளவு சரியாகவே பதிவாகும். பெய்த நாள் மட்டும் பொய்யாகிவிடும்.

அடுத்தது வட்டு. நிலையத்தின் நினைவட்டையில் உள்ள கோப்புகள் எக்ஸ்ட்-4 என்னும் முறைமையில் அடுக்கப்பட்டவை எனக் கொள்வோம். இடத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தால் எக்ஸ்ட்-4 பகுதிக்கு 'எம்' என்று விடையளித்துவிட்டால், அது மாட்யூலாக அதே நினைவட்டையில் போய் அமரும். நினைவட்டையைப் படிப்பதற்கு மாட்யூல் வேண்டும். மாட்யூலை எடுப்பதற்கு நினைவட்டையைப் படிக்க வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். பெரிய கணிப்பொறிகளில் தொடக்க நினைவகக் கோப்பு ஒன்றில் இத்தகைய மாட்யூல்களை முன்கூட்டியே வைத்து உட்கருவோடு ஏற்றுவதால் இடர் நேர்வதில்லை. அதுவும் இல்லாத சிறு இயந்திரத்தில், வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்ற செய்தியுடன் உட்கரு திகைத்து நின்றுவிடும். திரை இணைக்கப்படாத நிலையத்தில் அச்செய்தியைக் காண்பாரும் இல்லை. எனவே நினைவட்டையின் இயக்கி, கோப்பு முறைமை ஆகிய இரண்டுக்கும் இங்கே 'ஒய்' என்பதே விடை.

மூன்றாவதாக உள்ள யு.எஸ்.பி. மாற்றி பார்வைக்கு அற்பமானது. கடைகளில் ஒரே தோற்றத்தில், பல வேளை ஒரே நிறத்தில் விற்கப்படும் இம்மாற்றிக் கம்பிகளுக்குள் உள்ள சில்லு ஒன்றன்று. எஃப்.டி.டி.ஐ., சி.பி. 210 வரிசை, சி.எச். 340, பி.எல். 2303 என்ற நான்கு வகைகள் பரவலாக வழங்குகின்றன. நான்குக்கும் லினக்ஸில் நான்கு வேறு இயக்கிகள். தொகுத்தவரின் மேசைமேல் எஃப்.டி.டி.ஐ. வகைக் கம்பி இருந்தது. 'லோக்கல்மாட்கான்ஃபிக்' அதனை மட்டும் வைத்துக்கொண்டது. நிலையம் இயங்கிற்று, சோதனையும் தேறிற்று. பருவமழைக்கு நடுவே எலி கடித்தோ, ஈரம் பட்டோ கம்பி கெட்டுவிடுகிறது. களப்பணியாளர் அருகிலுள்ள நகருக்குச் சென்று அதே போன்றதொரு கம்பியை வாங்கி வந்து செருகுகிறார். அதற்குள் இருப்பதோ சி.எச். 340. புதிய யு.எஸ்.பி. சாதனம் ஒன்று வந்துள்ளது என்று உட்கரு தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். அதற்கு மேல் ஒன்றும் நிகழாது. தரவு வரவேண்டிய சாதனக் கோப்பு தோன்றாது. கம்பி நல்லதே, பதிவுக் கருவியும் நல்லதே, பணியாளர் செய்ததும் பிழையன்று. பல மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஒருவர் இட்ட 'என்' என்ற ஓரெழுத்தே அங்கு குறுக்கே நிற்கிறது. இதற்கிடையே பெய்த மழையை மறுபடி அளக்க வழியில்லை.

இம்மாற்றிகளின் இயக்கி ஒவ்வொன்றும் மாட்யூலாகத் தொகுக்கப்பட்டால் சில பத்துக் கிலோபைட் இடமே கொள்ளும். நான்கையும் சேர்த்தாலும் ஒரு சிறு ஒளிப்படத்தின் அளவு வாராது. மறுபுறம், நவீன வரைகலை அட்டைகளுக்குரிய ஏ.எம்.டி. நிறுவன இயக்கி ஒன்று மட்டும் பல இலட்சம் வரிகள் கொண்டது (அவற்றுட் பெரும்பகுதி மனிதர் எழுதியதன்று, தானாக உருவாக்கப்பட்ட பதிவேட்டு அட்டவணைகளே). சிக்கனம் செய்ய விரும்புவோர் அங்கே கை வைக்க வேண்டும். பெரியனவற்றைத் துணிந்து தள்ளலாம்; சிறியனவற்றை எண்ணிப் பார்த்தே தள்ளவேண்டும். சிறியவற்றுள் எவை வெளியாரின் கையால் மாற்றப்படக்கூடிய பொருள்களுக்கு உரியனவோ, அவற்றை எக்காலும் தள்ளலாகாது. கையில் உள்ள கம்பி எவ்வகையது என்பதை 'எல்.எஸ்.யு.எஸ்.பி.' என்ற கட்டளை காட்டும், எஃப்.டி.டி.ஐ.யின் வழக்கமான எண் 0403:6001. பி.எல். 2303க்குத் தன் பெயரிலுள்ள 2303 என்பதே தயாரிப்பு எண், சி.எச். 340க்கு அது 7523.

பள்ளி ஆய்வகங்களில் உள்ள பழைய கணிப்பொறிகளுக்கு வேறு வகையான ஓர் எச்சரிக்கை உண்டு. முந்திய பதிப்பில் நன்கு இயங்கிய அமைவுக் கோப்பைப் புதிய பதிப்புக்கு எடுத்துச் செல்லும்போது, 'ஓல்டுகான்ஃபிக்' என்ற கட்டளை புதிதாகச் சேர்ந்த வினாக்களை மட்டும் கேட்கும். பெயர் மாறிய அல்லது நீக்கப்பட்ட உருப்படிகளைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. அகலப்பட்டைக் கம்பி கொண்ட ஐ.டி.ஈ. வட்டுகளுக்குரிய பழைய இயக்கித் தொகுதி 2021இல் வெளியான 5.14ஆம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. அவ்வட்டுகள் இன்றும் இயங்கும், ஆனால் லிப்-ஏ.டி.ஏ. என்ற பிந்திய தொகுதியின் கீழ் உள்ள இயக்கியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இதனை அறியாது பழைய கோப்பை அப்படியே கையாண்டவரின் இயந்திரம் தன் வட்டையே காணாமல் விழிக்கும். பழைய உட்கருவை அழிக்காமல், தொடக்கப் பட்டியலில் இரண்டாவது தேர்வாக வைத்திருந்தவர்கள் ஒரு நிமிடத்தில் மீண்டுவிடுவர்.

யாவரும் இப்பணியில் இறங்க வேண்டும் என்று கூறுவதற்கில்லை. வெளியீட்டாளர் அளிக்கும் உட்கருவைக் கையாள்வோருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வப்போது தாமே வந்து சேரும். தாமே தொகுத்தவருக்கு அவை வாரா. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரே மீண்டும் தொகுக்க வேண்டும். பகுதிகளைக் குறைப்பதனால் தாக்குதலுக்கு இடந்தரும் வாயில்களும் குறைகின்றன என்பது உண்மையே. எனினும் மூன்றாண்டுகள் திருத்தப்படாத சிறு உட்கருவைவிட, ஒழுங்காகத் திருத்தப்படும் பெரிய உட்கரு மேலானது. மாற்றலாகிச் செல்லும் வாய்ப்புள்ள ஒரே ஓர் ஊழியரின் ஆர்வத்தை மட்டும் நம்பி ஓர் அலுவலகம் இதனை மேற்கொள்ளுதல் விவேகமன்று.

வகுப்பில் செய்து காட்ட விரும்பும் ஆசிரியருக்கு இத்தகைய கவலை இல்லை. கியூ-ஈ-எம்-யு என்னும் நிரல், கணிப்பொறிக்குள் மற்றொரு போலிக் கணிப்பொறியை உண்டாக்கித் தரும். அதனுள் உட்கரு திகைத்து நின்றாலும் உண்மையான இயந்திரத்துக்கு ஊறு நேராது. மூலநிரல் அடைவைத் தொடாமல், விளைவுகள் யாவும் வேறோர் அடைவில் விழும்படி தொகுக்கவும் வசதி உண்டு. ஒரு வரிசை மாணவர் 'டெஃப்கான்ஃபிக்' கொண்டும், மற்றொரு வரிசை மாணவர் 'ஆல்நோகான்ஃபிக்' கொண்டும் தொகுத்து, எடுத்துக்கொண்ட நேரத்தையும் உட்கருவின் அளவையும் கரும்பலகையில் எழுதி ஒப்பிடலாம். பின்னர்க் கோப்பு முறைமையை வேண்டுமென்றே தள்ளிவிட்டு, இயந்திரம் எந்தச் சொற்களோடு நிற்கிறது என்பதைக் காட்டலாம். அச்செய்தியை வகுப்பில் ஒருமுறை கண்டவர் பின்னாளில் களத்தில் அதனைக் கண்டு கலங்கமாட்டார்.

நிலையத்துக்குச் செல்லும் இயந்திரத்தைப் பொறுத்தவரை, பெட்டியை மூடுமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. நான்கு வகைக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் சாதனக் கோப்பு தோன்றுகிறதா என்று பார்த்துக் கழற்றுக. மின்னிணைப்பைத் துண்டித்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் கொடுத்து, திரையின்றியும் வலையின்றியும் இயந்திரம் தானே எழுந்து சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று காண்க. அமைவுக் கோப்பின் சுருக்க வடிவத்தை 'சேவ்டெஃப்கான்ஃபிக்' என்ற கட்டளையால் எடுத்தால், வழக்கமான விடைகள் நீங்கி, மாற்றியவை மட்டும் சில பக்கங்களில் அடங்கும். அதனை அச்சிட்டு, உட்கருவின் பதிப்பு எண்ணையும் தொகுத்த தேதியையும் அதன் தலைப்பில் எழுதி, ஒரு படியை நிலையப் பதிவேட்டோடு தைத்துவிட்டு மற்றொன்றை அலுவலகத்தில் வைக்கலாம்.